மூன்றாவது குரல்

போன ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போனேன். மீன் கிடைக்கவில்லை. செருப்பு போனது. நானும் போயிருப்பேன்...

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் என் வெல்டிங் பட்டறைக்கு அடுத்த கடை அந்தோணியுடையது. பஞ்சர் ஒட்டுகிறான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வாய் ஓயாது. வாரம் முழுக்க அவன் பேசுவான், நான் 'ம்' போடுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் பைக்கில் ஏறிக்கொள்வான். விளாத்திகுளம் தாண்டி வைப்பாற்றுக்குப் போவோம்.

பங்குனி மாதம் வைப்பாற்றில் என்ன மீன் என்று கேட்பீர்கள். நியாயம்தான். கடலிலிருந்து உல்லம் மீன் எதிர்த்து ஏறி வருகிற பெரிய ஆறு இல்லை இது. மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் மழைக்காலத்துத் தண்ணீர் வளைவுகளில் ஆழமாகத் தேங்கிக் கிடக்கும். கசம் என்போம். இந்த வருஷம் நல்ல மழை. கசத்தில் கெண்டை இருக்கிறது.

நாங்கள் புழு போடுவதில்லை. சேவலின் கழுத்து இறகை நூலால் தூண்டில் முள்ளில் கட்டுவோம். பூச்சி உட்கார்வது போல அதைத் தண்ணீர் மேல் வீசி வீசி இழுக்க வேண்டும். கெண்டை பாய்ந்து கவ்வும். இதில் இரண்டு சட்டம். பேசக் கூடாது. நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. அதனால்தான் உச்சி வெயிலில் போகிறோம். அப்போதுதான் நிழல் காலடியிலேயே கிடக்கும்.

அந்தோணி வாயை மூடியிருப்பது வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான்.

அன்றும் அப்படித்தான். செல்போன்களைப் பைக் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அவன் மேல்பக்கம் போனான். நான் கீழ்ப்பக்கம். நடுவில் கருவேலம் புதர். ஆள் தெரியாது. அவனுடைய மூங்கில் தூண்டிலின் நுனி மட்டும் புதருக்கு மேலே தெரியும். போகும், வரும்.

ஆறு அன்று ஒரு மாதிரி இருந்தது. காற்று இல்லை. கொக்கு இல்லை. ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. இறகு தண்ணீரில் விழுகிற சத்தம் காதுக்குக் கேட்டது. இறகு விழுந்தால் சத்தம் வருமா? வந்தது.

பத்துப் பதினைந்து வீச்சுக்குப் பிறகு, இறகு தண்ணீருக்குள் கிடந்த ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டது. எடுக்க நாலு எட்டு வைக்க வேண்டும். கரையோரம் கறுப்பு வண்டல் வெடித்துக் கிடந்தது. எங்கள் கரிசலில் வெடித்த மண் என்றால் காய்ந்த மண். கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். பிறந்ததிலிருந்து அதன் மேல்தான் நடக்கிறோம். அந்த நம்பிக்கையில் கால் வைத்தேன்.

மேல் பொருக்கு மட்டும்தான் காய்ந்திருந்தது. அடியில் எப்போதோ மணல் அள்ளிய குழி. வண்டல் வந்து மூடியிருக்கிறது.

முதலில் முழங்கால். காலை இழுத்தேன். இடுப்பு. அடியில் தரை இல்லை. கீழே சில்லென்று இருந்தது... தலைக்கு மேலே அந்த வெயில். கையிலிருந்த தூண்டிலைக் குறுக்கே போட்டு, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றினேன். மூங்கில் வளைந்தது.

"அந்தோணி!" என்று கூப்பிட்டேன்.

புதருக்கு மேலே தூண்டில் நுனி நின்றது. அவனுக்குக் கேட்டுவிட்டது. சரி, வருவான் என்று இருந்தேன்.

நுனி மறுபடியும் அசைந்தது. போனது, வந்தது. அவன் பாட்டுக்கு மீன் பிடித்தான்.

சேறு நெஞ்சுக்கு வந்தது. "அந்தோணி!"

நுனி நின்றது. இந்தத் தடவை நிறைய நேரம் நின்றது. பிறகு... போனது, வந்தது.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்காத மனிதனைக் கூப்பிடலாம். கேட்டுவிட்டுத் திரும்பாதவனை என்ன செய்வது? நெஞ்சைச் சேறு இறுக்கியது. மூச்சு பாதிதான் வந்தது. மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மூடிக்கொண்டேன். தூண்டில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது சட்டென்று கீழே விழுந்தது. புதரைக் கிழித்துக்கொண்டு அந்தோணி ஓடி வந்தான்.

"எய்யா சேசுவே! அண்ணாச்சி, ஆடாதீங்க, அசையாதீங்க!"

கருவேலம் கிளைகளை ஒடித்துச் சேற்றின் மேல் பரப்பினான். முள்ளைப் பார்க்காமல் அதன் மேல் குப்புறப் படுத்தான். கைலியை அவிழ்த்து வீசினான். பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் இழுத்தான் என்று தெரியாது. வெளியே வந்தபோது அவன் நெஞ்சில் ரத்தம், என் மேல் சேறு. இரண்டு பேரும் மணலில் கிடந்தோம்.

மூச்சு வந்ததும் கேட்டேன். "மொத தடவை கூப்பிட்டது கேட்டுதாலே?"

"கேட்டுது, அண்ணாச்சி."

"பொறவு ஏம்லே வரல?"

அவன் டவுசரோடு எழுந்து உட்கார்ந்தான். "உச்சி நேரம்லா. தண்ணிப் பக்கமிருந்து பேரு சொல்லிக் கூப்பிட்டா உடனே திரும்பவோ பதில் பேசவோ கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாவ. அது ரெண்டு தடவைதான் கூப்பிடுமாம். மூணாவது கூப்பிட்டாத்தான் மனுசன்."

"சர்ச்சுக்குப் போயிட்டு வந்தவன் பேசுத பேச்சாலே இது?"

"சாமியார் ஆத்துக்கு வாராரா? நாமதான வாரோம்." மூக்கைத் துடைத்தான். "நீங்க ஊருக்குள்ளயே வாயத் தொறக்க மாட்டீங்க. மீன் பிடிக்கையில கூப்பிடுதது நீங்கதான்னு நான் எப்படி நம்ப? செத்தாலும் கத்தாத ஆளு!"

சிரித்தேன். அதில் நியாயம் இருந்தது. பேச்சில் சிக்கனம் பிடிக்கிறவன் குரல் எப்படி இருக்கும் என்று பக்கத்துக் கடைக்காரனுக்கே தெரியவில்லை பாருங்கள்.

"பொறவு எப்படிலே வந்த?"

"என்ன கேள்வி இது? அதான் மூணாவது தடவை கூப்பிட்டீங்கல்லா. 'ஏலே அந்தோணி, ஓடியாலே'ன்னு. காதுக்குப் பக்கத்துல நின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். அதான் ஓடியாந்தேன்."

'ம்' போட்டேன்.

இரண்டு தடவைக்கு மேல் நான் கூப்பிடவில்லை. இரண்டு தடவையும் பேரை மட்டும்தான் சொன்னேன். அந்தோணியிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. இது பேப்பரில் வந்தாலும் அவன் சினிமாப் பக்கம் மட்டும்தான் பார்ப்பான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே 'என்ன' என்று கேட்டுவிடுகிறேன். அந்தப் பக்கம் யார் எதில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்களோ... இரண்டாவது குரலுக்கு அவர்களிடம் மூச்சு இருக்குமோ, இருக்காதோ.

நேற்று மதியம் பட்டறையில் தனியாக இருந்தேன். மிஷினை அணைத்த நேரம். பின்னால் வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. அதை யோசிக்கும் முன் "என்ன?" என்று வாயில் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. அவள் பசுவந்தனையில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

பதில் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆற்றில் எனக்காக யாரோ ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார்களே.