பெண் கேட்கப் போன அமெரிக்கத் துரை

எண்பதுகளின் கடைசியில் செண்பகத்தோப்பில் மலை அணில்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஓர் அமெரிக்கர் வந்து தங்கியிருந்தார். நான் அவருக்குச் சமையல் செய்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷும் தெரியாது, பேசவும் கூச்சம். உப்பு போதுமா என்று கையால் கேட்பேன், அவர் தலையாட்டுவார். எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

அவருக்கு ஜீப் ஓட்டியவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்; பட்டாளத்தில் இருந்ததால் இங்கிலீஷ் தெரிந்தவர். ராஜபாளையத்தில் தன் தெருவிலேயே எனக்கு ஒரு பெண் பார்த்தார். பெண்ணின் அப்பா மில்லில் ஃபிட்டர். "பையன் நல்லவன்தான். என்ன வகையறா, பூர்வீகம் எதுன்னு தெரியாம எப்படிக் குடுக்க? அவன் பக்கம் ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

என் பக்கம் யாருமில்லை. அம்மா சோழபுரத்துக்காரி. என்னை வயிற்றில் சுமந்துகொண்டு ராஜபாளையம் வந்தவளைக் கூடப்பிறந்தவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை பார்த்து என்னை வளர்த்தாள். அப்பா பெயரைக் கடைசிவரை சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

இது நடக்காது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்திருந்ததால் வருத்தமாக இருந்தது. அண்ணன் இதைத் துரையிடம் சொல்லியிருக்கிறார். அவர் சமையல்கட்டுக்கு வந்து, "நான் வாரேன்" என்று தமிழிலேயே சொன்னார். நரைத்த தாடி, ஐம்பதைத் தாண்டிய வயது. பெரியவர் கிடைத்துவிட்டார்.

வேட்டியை பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு வந்தார். பெண்ணின் அப்பா அவரைப் பார்த்தபடியே அண்ணனிடம், "என்ன வகையறான்னு கேளுப்பா" என்றார். கேட்டது என்னைப் பற்றி. துரையோ தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார். அண்ணனும் தடுக்காமல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இவியளுக்கு ஏழு தலைமுறைக்கு முந்தின தாத்தா, அந்த ஊரு மொத சட்டசபையில மெம்பராம். சுதந்திரம் வாங்குன கையோட."

"யாருகிட்டருந்து சுதந்திரம்?"

"வெள்ளைக்காரங்கிட்டருந்து, அண்ணாச்சி."

"இவரே வெள்ளைக்காரருதானப்பா!"

உள் அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். துரை நிறுத்தவில்லை.

"ஓட்டுப் போட வந்தவங்களுக்கு அந்தத் தாத்தா பீப்பாய் பீப்பாயா சாராயம் ஊத்துனாராம்."

"அங்கயுமா? சரி, மெம்பரோட அப்பா என்ன செஞ்சாரு?"

"சீமையில ஆடு திருடி மாட்டிக்கிட்டாராம். தண்டனையா அமெரிக்காவுக்குக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாக."

"ஆடா?"

"ஆடுதான்."

உள்ளே சிரிப்பு வெடித்தது. அது யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது.

"அவருக்கு அப்பா?"

துரை இரண்டு கைகளையும் விரித்தார். அண்ணன் சொன்னார்: "யாருன்னே தெரியலையாம். இவிய அப்பா சீமைக்கே போய்த் தேடியும் ஒண்ணும் கெடைக்கலையாம்."

பெண்ணின் அப்பா துரையின் விரித்த கைகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எதுவரைக்கும் தெரியும் தம்பி?"

அண்ணன் எனக்காக வாயெடுத்தார். அதற்குள், "எங்கம்மா வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். துரை அப்படி வெட்கப்படாமல் கையை விரித்திருக்காவிட்டால் அது என் வாயிலிருந்து வந்திருக்காது.

பெண்ணின் அம்மா கதவோரம் நின்று புருஷனிடம் கேட்டார்: "உங்க தாத்தாவுக்கு அப்பா பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்."

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். விட்டத்தைப் பார்த்தார்.

"வரலையா? அப்ப காப்பி ஆறுறதுக்குள்ள குடிங்க. நான் புள்ளையக் கூட்டியாரேன்."

திரும்பும் வழியில், அவர்கள் கேட்டது என்னுடைய வகையறாவை என்று அண்ணன் சொன்னபோது துரையின் முகம் காதுவரை சிவந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன்.

கல்யாணப் பத்திரிகையில் இன்னார் பேரன், இன்னார் மகன் என்று போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அச்சகத்துக்கு மாமனாரே போய் எழுதிக் கொடுத்தார். பேரன் என்ற வரி இல்லை. மகன் என்ற இடத்தில் அம்மா பெயர் இருந்தது. அவள் பெயரை அச்சில் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை.