கறுப்புக் காரைக் கழுவிக் கொண்டுபோன காலை

என் மகன் பெண்சாதி வீட்டை விட்டு வந்தபோது அந்தக் கறுப்புக் காரில்தான் வந்தான். வேறொன்றும் கொண்டு வரவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே சண்டை பிடித்துக்கொண்டு இறங்கினால் அவனுக்கென்று ஒரு கூரை கிடையாது. உம்மா வீடு என்று வந்தாலும் அது தங்கச்சி வீடு. மருதமுனையில் நான் இருக்கிற வீடும் மகளுக்கு எழுதிக் கொடுத்ததுதான். மகன் முன் விறாந்தையில் படுத்துக்கொண்டான். கார் மாமரத்துக்குக் கீழே நின்றது.

கார் சீதனத்தில் வந்தது. சம்மாந்துறையில் அவனுடைய மாமனாருக்கு நெல் ஆலை இருக்கிறது, வயல் இருக்கிறது. வெள்ளை வேண்டாம், கறுப்புத்தான் மதிப்பு என்று அவரே நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கலியாணத்தன்று அதில் மாப்பிள்ளையை ஏற்றிப் போனபோது தெருவில் நின்ற சனமெல்லாம் அந்தக் கறுப்பில் நிழலாக ஓடியது. நான் பின் ஸீட்டில் இருந்து பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க.

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் மகன் வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள். சும்மா இருக்க அவனுக்கு மனம் வரவில்லை. பெட்ரோல் வரிசை குறைந்ததும் ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, காரின் டிக்கியிலும் பின் ஸீட்டிலும் ஏற்றி, கடற்கரை இல்லாத உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்றான். ஹலாலான தொழில். ஆனால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் காருக்குள் ஊறியது. பெட்டியை இழுத்து இழுத்துக் கறுப்பெல்லாம் கீறல் விழுந்தது. ஒருநாள் ஆலையில் வேலையாட்கள் நிற்கும்போதே மாமனார் சொன்னாராம்: "நான் மகளுக்கு மாப்பிள்ள எடுத்தன். மீன்காரன எடுக்கல்ல."

அன்று பின்னேரமே மகன் வந்துவிட்டான். அவனுடைய ரோசம் என்னிடமிருந்து போனது. அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் அங்கே ஒரு பெண்குழந்தை இருந்தது. மாசங்கள் போகப் போக அவன் சோற்றைக் கிளறிவிட்டு எழும்பிப் போவான். மருமகளுக்கு எத்தனையோ தரம் போன் எடுத்தான். அவள் கதைக்கவில்லை. கடைசியில் அவளுடைய சாச்சி, உம்மாவின் தங்கச்சி ஒருத்தி சந்தையில் என்னைக் கண்டு, "அந்தக் கார நினைச்சாலே மச்சானுக்குக் கோவம் வருது. எப்புடிக் குடுத்த கார், எப்புடி ஆக்கிட்டான் எண்டு சொல்லிச் சொல்லிப் பேசுறார்" என்றாள்.

இதை நான் வந்து மகனிடம் சொன்னேன். அவன் எழும்பிப் போய்க் காரின் கீறலில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"அப்ப முதல்ல கார ஒழுங்காக்குவம் உம்மா. புதுசா எப்புடி இருந்திச்சோ அப்புடி ஆக்கிக்கிட்டுப் போய் நிப்பம். மறுகா அவர் என்ன சொல்ற எண்டு பாப்பம்."

கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. உள்ளூர் வயல்களில் வேளாண்மை வெட்டிச் சூடடிக்கிற தூசியெல்லாம் அந்தக் காற்றோடு கடற்கரை வரை வரும். கறுப்பில் ஒரு தூசி விழுந்தாலும் தெரியும். துடைக்காமல் பொலிஷ் போட்டால் அந்தத் தூசியே கீறும். அதனால் மகன் மாமரத்தைச் சுற்றிப் படங்குத் துணி கட்டினான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்துக் கழுவினான். மீன் வாசம் போக ஸீட்டைக் கழற்றி, எலுமிச்சம் புளி தேய்த்து, நாள்கணக்காகக் காய வைத்தான். காருக்குள் கிடந்த சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். தொப்பி, தஸ்பீஹ், பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. பிள்ளையின் செருப்பைக் கழுவி என் அலுமாரிக்கு மேல் வைத்தான்.

துணி நான் கொடுத்தேன். கடையில் விற்கிற துணி வேண்டாம் என்றேன். எங்கள் ஊர்த் தறியில் நெய்து உடுத்த பழைய சாரன், தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆனது, அதைத் தையலும் கரையும் இல்லாமல் வெட்டிக் கொடுத்தேன். முதலில் கீறல் எடுக்கிற பொலிஷ். அதை ஒரு கை அகலத்துக்குப் பூசி, கை நோகத் தேய்க்க வேண்டும். அதைத் துடைத்த பிறகு மெழுகு. மெழுகு டப்பாவில் என்னென்னவோ எழுதியிருந்தது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். மகன் வாசித்துச் சொன்னான்: மெல்லிசாகப் பூசு, வெயில் படாமல் வை, பனி மூடின மாதிரி வெளிறும்வரை பொறு, பிறகு வேறு துணியால் எடு. அந்த வெளிறலைத் துடைக்கும்போது கீழேயிருந்து கறுப்பு எழும்பி வரும். ஆழக் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். எனக்கு முழங்கால் ஏலாது. கதிரையைப் போட்டு இருந்துகொண்டு ஒரு கதவு முழுவதையும் நான்தான் துடைத்தேன்.

மகள் வாசலில் நின்று தன் நானாவைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தத் தேய்ப்பில அரைவாசி பொஞ்சாதியக் கவனிச்சிருந்தா நானா இங்க கிடக்கத் தேவல்ல."

"நீ உன்ட வேலயப் பாரு கா" என்றேன்.

அவளுடைய மாப்பிள்ளை குனிந்து முகம் பார்த்தார். "மச்சான், நாளைக்கி நான் இதுல பாத்துத்தான் சவரம் எடுக்கப் போறன்."

மகனும் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு காலம். அன்றைக்கு எனக்குக்கூட ஒரு நினைப்பு வந்தது, சரிவரும்போலத்தான் இருக்கிறது என்று.

போகிற அன்று சுபஹு தொழுதுவிட்டு மகள் வட்டிலப்பம் அவித்துச் சட்டியோடு கொண்டு வந்தாள். மகன் காரில் வைக்க விடவில்லை.

"தங்கச்சி, வாசம் ஏறிடும். எவ்வளவு பாடுபட்டு மீன் வாசத்த எடுத்திரிக்கன்."

"வெறுங்கையோட போறதா? அவக என்ன நினைப்பாக?"

"கார்தான் இரிக்கே" என்றான்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் பலகாரம் தூக்கிக்கொண்டு கெஞ்சப் போகிற குடும்பமில்லை.

காரைதீவு தாண்டினதும் இரண்டு பக்கமும் வயல். வெட்டுகிற மிஷினுக்குப் பின்னால் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. சம்மாந்துறைக்குள் நுழைய முன்னம் மகன் ஒரு வாகை மரத்தடியில் நிறுத்தி, காரை முழுக்க மறுபடி துடைத்தான். ஒரு பொட்டுத் தூசி இல்லை. அப்படியே போய்க் கேற்றுக்கு முன்னால் நிறுத்தினோம்.

மாமனார் வந்தார். ஸலாம் சொன்னார், பதில் சொன்னோம். என்னோடு கதைக்காமல் காரைச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், உள்ளே தலையை விட்டு மணந்தார். பொனட்டில் தன் முகத்தைக் கண்டு தொப்பியைச் சரியாக்கிக்கொண்டார். அவருடைய முகம் இளகி வந்தது. நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

"ஒழுங்காத்தான் கொண்டாந்திரிக்கீங்க ராத்தா" என்றார். "உங்கட மகன நான் இவ்வளவுக்கு நினைக்கல்ல. காரத் தரமாட்டார், காதியார்ட்ட இழுபடத்தான் வேணும் எண்டுதான் இருந்தன். மரியாதையான ஆக்கள்தான் நீங்க."

பிறகு மகனிடம் கையை நீட்டினார்.

"கார்த் திறப்பத் தாங்க மகன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களுக்குள் ஒரு கலியாணம் முறிந்தால் பெண் வீட்டிலிருந்து வந்த சாமான் திரும்பிப் போகும். குடமோ கட்டிலோ, அழுக்காக யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கழுவி, மினுக்கி, சொந்தச் சாமான்களை வெளியே எடுத்து, வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கப் போகிற அன்று தின்பண்டம் கொண்டு போவதில்லை. நாங்கள் அப்படியே வந்து நிற்கிறோம்.

மகன் என்னைப் பார்த்தான். முன்னால் இருந்த கடையில் ஆட்கள் நின்றார்கள். ஆலை வேலையாள் ஒருவனும் எட்டிப் பார்த்தான். கொடுக்க வரவில்லை, பெண்சாதி பிள்ளையைக் கேட்டு வந்தோம் என்று நான் சொல்லியிருக்கலாம். மரியாதையான ஆட்கள் என்று சொன்ன வாய்க்கு முன்னால் எனக்கு அந்தச் சொல் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வராது.

அதற்குள் பிள்ளை ஓடி வந்தாள். கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"வாப்பா, நான் இதுக்குள்ள ஏறி இரிக்கன்" என்று கையை வைத்தாள். மாம்பழம் தின்ற கை. மாமனார் தோள் துண்டால் அந்த இடத்தை மெல்லத் துடைத்துவிட்டு, "உள்ளுக்குப் போங்க மகள்" என்றார். உள்ளேயிருந்து மருமகள் பிள்ளையைக் கூப்பிட்டாள். குரல் மட்டும்தான் கேட்டது.

மகன் சாவியை அவருடைய கையில் வைத்தான்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன் ராத்தா."

"வேணாம் தம்பி. இன்னொரு நாளைக்கி" என்றேன்.

பஸ்ஸுக்கு நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. நெடுநேரம் போய் மகன் கேட்டான்.

"நீங்க ஏன் உம்மா ஒண்டும் கதைக்கல்ல?"

"நீ ஏன் கதைக்கல்ல?"

பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துத் தந்துவிட்டுக் கல்முனை வரை நின்றுகொண்டே வந்தான்.

பிறகு எங்கள் கலியாண வழக்குகளைப் பார்க்கிற காதியாரிடமிருந்து அழைப்பு வந்தது. மருமகள் பக்கம் பிரிவு கேட்டிருந்தார்கள். நான் வெளியே பெண்கள் இருக்கிற வாங்குப் பலகையில் இருந்தேன். சுவரில் மேலே ஓட்டைக் கல் வைத்துக் கட்டியிருந்ததால் உள்ளே கதைப்பது கேட்டது. காதியார் நல்ல மனிதர், சேர்த்து வைக்கப் பார்த்தார். சமாதானமாகப் போக விருப்பமா என்று மகனிடம் கேட்டார். விருப்பம் என்றான். மாமனார் எழும்பி, விருப்பமுள்ளவர் சீதனத்தை ஏன் திருப்பித் தந்தார் என்று கேட்டார்.

"கார நீங்களாகவா கொண்டு போனீங்க?" என்றார் காதியார்.

"ஓம்."

"யாரும் வற்புறுத்தல்லயா?"

"இல்ல."

"கழுவி, பொலிஷ் எல்லாம் போட்டுக் கொண்டு போனீங்களாம்?"

மகன் அதற்கும், "ஓம்" என்றான். பொய்யில்லையே. அவன் வேறு என்ன சொல்வான். பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு வாசலில் ஒருவர் வந்து அடுத்தவர்களைக் கூப்பிட்டார்.