பசை அக்காவின் வீடு

"இந்த ரூமுக்கு என்ன பேர் போட்டிருக்கே?" என்று அவர் கேட்டார்.

அந்த பர்னிச்சர் ஷோரூமில் எனக்கு அது முதல் வாரம். மாதிரி அறைகளின் முன்னால் வைக்கும் அட்டைகளை இரண்டு மொழிகளில் எழுதுவது என் வேலை. அறைகளை அலங்கரித்து வைப்பது அவர் வேலை. கையிலிருந்த அட்டையைக் காட்டினேன்.

"மண்வாசனை. மேனேஜர் கொடுத்த பேர்."

"போன வருஷம் இதே சோபாவுக்குக் கடலோர அமைதின்னு போட்டாங்க. அப்ப மேல கிடந்த துணி நீலம், இப்ப காவி. சோபா பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினேன். ஏழு புத்தகங்கள் ஒரே கட்டியாகக் கையோடு வந்தன.

"ஐயையோ, பிச்சிடாதே! அது படிக்க இல்லை, பார்க்க. எல்லாத்தையும் ஒட்டித்தான் வெச்சிருக்கேன். இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள ஜாடி ஒரு மூலை, கிண்ணம் ஒரு மூலைன்னு ஆக்கிட்டுப் போயிடுவாங்க. நம்ம ஜனங்க கையை வெச்சுக்கிட்டுச் சும்மாவா இருப்பாங்க?"

"உங்க வீட்டுல என்ன ஸ்டைல் அக்கா?"

"போன சீசன்ல என்னன்னு கேட்கிறியா, இந்த சீசன்லயா?"

கடையில் எல்லோரும் அவரைப் பசை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. இடுப்புப் பையில் எப்போதும் பசைத் துப்பாக்கி இருக்கும். தலையணையை நடுவில் ஒரு குத்து குத்திப் பள்ளம் ஆக்குவார்; யாரோ இப்போதுதான் சாய்ந்துவிட்டு எழுந்துபோனது போல் இருக்கும். உள்ளே வரும் கணவன் மனைவி முகங்களைப் பார்த்தே, "அந்த அம்மாவுக்கு வெளிர் பச்சை, அந்த ஐயாவுக்கு எப்படா வீட்டுக்குப் போவோம்னு இருக்கு" என்று என் காதில் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறைகள் மாறும். கழித்துக் கட்டியதை ஊழியர்கள் எடுத்துப்போகலாம் என்பது கடையின் வழக்கம். மற்றவர்கள் ஒரு விளக்கு, ஒரு பாய் என்று எடுப்பார்கள். அக்கா அறையையே எடுத்துப்போவார். அதனால் அவர் வீடும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறியது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த வீடு. முதன்முதலாக உள்ளே போனபோது, செருப்பைக் கழற்றிவிட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று தேடினேன். அவ்வளவு நேர்த்தி. பழக்கதோஷத்தில் அங்கேயும் எல்லாவற்றையும் ஒட்டித்தான் வைத்திருந்தார். ஒரு பொருள் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் அவருக்கு.

பிள்ளைகள் இல்லை. கணவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறை ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக அப்படித்தான். கப்பல்காரர் ஒவ்வொரு முறை வரும்போதும் வேறொரு வீட்டுக்குள் வருவார். கட்டில் வடக்கே இருந்தது கிழக்கே போயிருக்கும். கரண்டி டப்பா இடம் மாறியிருக்கும். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. எந்த சீசனிலும் மாறாதது அது ஒன்றுதான். பெரும்பாலும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர் வந்திருந்தபோது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் மூன்று வருடத்துக்குக் கப்பலுக்குக் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் துறைமுகப் பட்டறையில் கரை வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க என்ன அக்கா சொன்னீங்க?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை."

"போக வேண்டாம்னு சொல்லலாமே."

"சொன்னா நின்னுடுவார். நான் சொல்லி நின்னவர் வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரிதான் இருப்பார். அவருக்கே தோணணும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தோணாமப் போயிட்டா என்ன பண்றதுன்னுதான் தெரியலை."

அந்த ஞாயிற்றுக்கிழமை, புது சீசன் அட்டைகளை அக்காவிடம் காட்ட அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் இருந்தார். கப்பல்காரர் குளித்துவிட்டு வந்து, மூக்குக் கண்ணாடியை வைக்க இடம் தேடினார். சின்ன மேசையில் ஜாடி, கிண்ணம், மரப் பறவை. ஜாடியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கிண்ணத்தை இழுத்தார். மேசையே அவரோடு வந்தது. பறவையை ஒரு விரலால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இதுவும் பறக்காதா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அக்கா கரண்டியோடு வெளியே வந்து நின்றார்.

"ஏம்மா, கப்பல்லயும் இப்படித்தான். மேசை, கட்டில், டம்ளர் வைக்கிற இடம் எல்லாத்தையும் முடுக்கி வெச்சிருப்போம். புயல்ல உருளக் கூடாதுல்ல? மூணாவது மாடிக்கு என்ன புயல் வருது?"

"பார்க்க அழகா இருக்கேன்னு..." என்று இழுத்தார் அக்கா.

"அழகுக்கென்ன குறைச்சல்." கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அங்கே ராத்திரி விளக்கு இல்லாமலே என் படுக்கைக்குப் போயிடுவேன். இங்கே வந்த முதல் வாரம் பூரா சுவத்துலதான் முட்டிக்கறேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் முகம்தான் செத்துப்போயிற்று.

சாப்பிட்டதும் அக்கா ஹேர் டிரையரையும் ஒரு தையல் நூல்கண்டையும் எடுத்து வந்தார். பசைக்குச் சூடு காட்டி, இளகியதும் அடியில் நூலைக் கொடுத்து அறுக்க வேண்டும். நான் சூடு காட்டினேன், அவர் அறுத்தார். பறவை முதலில் வந்தது. பிறகு ஜாடி, படச் சட்டங்கள், கூடத்து அலமாரியின் பொய்ப் புத்தகங்கள். நாலு மணிக்குக் கப்பல்காரரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இயந்திரக்காரர் கை, அவர் அறுத்த இடத்தில் கீறல்கூட விழவில்லை.

அறுத்ததையெல்லாம் மாடிப்படியில் எடுத்து வைத்து முடித்தபோது கூடம் காலியாக இருந்தது. வருவோர் போவோர் முகத்தைப் பார்த்துச் சோபா நிறம் சொல்கிற அக்கா, சொந்தப் புருஷனைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏங்க... உங்களுக்கு எங்கே உட்காரப் பிடிக்கும்?"

"இந்த ஜன்னல்கிட்ட. பஸ் ஸ்டாப் தெரியும். நீ இறங்கி வர்றது தெரியும்."

"எதுல?"

"பரண்ல ஒரு பழுப்பு நாற்காலி கிடக்கே, அதுல."

"அதுவா! கைப்பிடியெல்லாம் தேஞ்சு போச்சுங்க. அது எந்த சீசனுக்கும் சேராது."

"நானும்தான் சேரமாட்டேன்" என்றார் அவர்.

நாற்காலி இறங்கியது. பத்து வருடத் தூசி. அக்கா துடைத்தார், அவர் ஆடிய காலை முடுக்கினார். கடையிலிருந்து வந்ததில் அவர்கள் இருவருக்கும் பிடித்தது மரப் பறவையும் ஒரு மஞ்சள் விளக்கும் மட்டும்தான். மற்றவற்றை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகும் அவர் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கடையில் மட்டும் அந்தப் பத்து நாளும் தலையணைகளை வழக்கத்தைவிடப் பலமாகக் குத்தினார். மாதக் கடைசி நாள், மதியம் போன் வந்தது. "சரிங்க... சரிங்க" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, முன்பு மண்வாசனை அறையில் இருந்த அந்த சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊழியர்கள் அதில் உட்காரக் கூடாது. நான் ஓடிப்போனேன்.

"கரை வேலைக்கு எழுதிக் கொடுத்துட்டாராம்" என்றார். "திரும்பி வர்றப்ப என்ன வாங்கிட்டு வரணும்னு கேட்கிறார்." ஒரு பெரிய மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லை, இந்த சோபா நல்லாத்தான் இருக்கு. இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை" என்றார்.

அடுத்த சீசன் வந்தது. அக்கா எதையும் எடுத்துப்போகவில்லை. இப்போது வாடிக்கையாளர்கள் எந்த ஸ்டைல் ரொம்ப நாள் நிற்கும் என்று கேட்டால், "உங்க வீட்டுல யாரு எங்கே உட்காருவாங்க, முதல்ல அதைச் சொல்லுங்க" என்கிறார். சிலர் விழிக்கிறார்கள். சிலர் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மேனேஜருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கப்பல் நண்பர்கள் கணவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார்களாம். நங்கூர வடிவம், சுற்றிலும் தங்க நிறக் கயிறு. மறுநாள் அவரே துளை போட்டு மாட்டப்போகிறாராம். அக்கா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். சுவரில் எது மாட்டினாலும் கோணலா என்று அதை வைத்துப் பார்க்காமல் விடமாட்டார். அதை என் கையில் திணித்தார்.

"ஞாயித்துக்கிழமை முடியற வரைக்கும் இது உன்கிட்டயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் கொடுத்துடாதே."