கையெழுத்துக்குப் பின் படித்த பக்கம்

ஓசூரில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் எங்களுடையது. பெரிய கம்பெனிகள் தரும் டிராயிங்கைப் பார்த்து வண்டி பாகங்கள் செய்கிறோம். அந்த டிராயிங்குகளைக் கணினியில் பராமரிக்கும் சாஃப்ட்வேரை விற்க, பெங்களூருவிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் வீட்டு மொழியான தெலுங்கில் பேசினார். டிராயிங்கை வேறு யாரும் பார்க்க முடியாது என்று உறுதி சொன்னார். நம் பாஷைக்காரர் என்ற நம்பிக்கையில் ஆங்கில ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள், டிராயிங்குகளை அந்த சாஃப்ட்வேரில் ஏற்ற உட்கார்ந்த சூப்பர்வைசர் சையது, ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு எழுந்து வந்தார்.

"அக்கா, நாம ஏத்தறத அவங்க மத்த கஸ்டமருக்கும் காட்டலாமாம். பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு."

டிராயிங் வெளியே போனால் ஆர்டர் தரும் கம்பெனிகள் அன்றோடு விலகிவிடும். ஒர்க்‌ஷாப்பை மூட வேண்டியதுதான். உடனே விற்றவருக்கு போன் செய்து, அந்த வரியை எடுக்கச் சொன்னேன். இம்முறை தமிழில் பேசினார்.

"எல்லாருக்கும் இதே அக்ரிமென்ட்தான் மேடம். யாரும் மாத்தச் சொன்னதில்ல. சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு இவ்ளோ பிடிவாதமா?"

"அப்ப மொத ஆளா நான் சொல்றேன். அந்த வரிய எடுக்கற வரைக்கும் ஒரு டிராயிங்கும் ஏறாது. முடியாதுன்னா உங்க சாஃப்ட்வேர நீங்களே வச்சிக்கங்க."

நான்கு நாள் கழித்து, அந்த வரி இல்லாத புதிய ஒப்பந்தம் வந்தது. டிராயிங்கை யாருக்கும் காட்டக்கூடாது என்றும் அதில் சேர்க்க வைத்தேன். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே சையது ஏற்றத் தொடங்கினார்.

வாயால் தரும் வாக்குறுதி எந்த மொழியில் வந்தாலும் இப்போது ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறேன். "அதெல்லாம் எதுக்கு மேடம் எழுதிக்கிட்டு?" என்று கேட்பவர்களிடம், அதை எழுதும்வரை பேனாவைத் திறப்பதில்லை.