ஹெட்டி மரியாதை கொடுத்த சனிக்கிழமை

"கதவச் சாத்துடா! தொழுவத்துலயா பொறந்தே?"

சந்தைக்கூடத்தின் வடக்குக் கதவை யார் திறந்தாலும் ஹெட்டி கிரீன்ஹால்ஷ் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கத்தியை மாட்டுக்குடலில் ஓடவிட்டபடியே குரலை மட்டும் அனுப்பிவைப்பாள். போன மாதம் அப்படித் திறந்தவர் பாதிரியார். "நான் இல்லம்மா, எங்க முதலாளிதான் அங்க பொறந்தாரு" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். ஹெட்டி கொஞ்சமும் அசராமல், "அவருக்காவது சத்திரத்துல இடம் கிடைக்கல. உமக்கு என்ன கேடு?" என்றாள்.

லங்காஷயரில் எங்கள் ஊர்ச் சந்தையில் அவளுடையது குடல்கடை. வெளுத்த குடல், மாட்டுக்கால், ரத்தத்தில் செய்த கருப்புப் புட்டிங், எல்லாம் சலவைக்கல் மேடையில் ஈரமாகக் கிடக்கும். தான் விற்பதை அவள் வாயில் வைப்பதில்லை. மதியத்துக்குப் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட அப்பம் ஒன்று. கேட்டால், "உள்ள இருக்கிற குடலே எனக்குப் போதும்" என்பாள். எதிரே பொத்தானும் நூலும் விற்கும் நான், குளிருக்குப் பின்னல் தொப்பி போட்டுக்கொள்பவள். டீ ஆறாமலிருக்கக் கெண்டிக்கு மாட்டும் கம்பளி உறை போலவே இருக்குமாம், அதனால் அவளுக்கு நான் "டீக்கெண்டி உறை".

ஆளுக்கொரு வசவு வைத்திருக்கிறாள். கால் வளைந்த தபால்காரரைப் பார்த்தால், "சந்துக்குள்ள ஓடுற பன்னிய நீ மறிச்சிருவியா? காலுக்கு நடுவுலயே கல்யாண ஊர்வலம் போவும்!" வங்கிக்காரரின் மனைவி மிடுக்காக நடந்துபோனால், "மேல மிருகத்தோல் கோட்டு, உள்ள பாவாடைக்கு வழியில்ல." புதிதாகச் சேர்ந்து நின்றுகொண்டே தூங்கும் மீன்கடைப் பையன், எதற்கும் உதவாத "சாக்லேட்டில் செய்த அடுப்பு". யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் திட்டினால் நீங்கள் ஊரில் ஒருவர், உடம்புக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். லண்டனிலிருந்து வந்தவர்களையும் ஜப்தி செய்ய வந்தவர்களையும் துக்கவீட்டாரையும்தான் அவள் "வாங்க, உக்காருங்க" என்பாள்.

சிரில் ஆஷ்வொர்த்துக்கும் அவளுக்கும் நடக்கும் சண்டையைப் பார்க்கவே சனிக்கிழமை வரிசையில் கூட்டம் சேரும். மில்லில் தறி பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். "ஏண்டா, சாவி தொலைச்ச சவப்பெட்டி மாதிரி நிக்கிற?" என்று இவள் ஆரம்பித்தால், "உன் நாக்க வெட்டி அந்த மேடைல போடு, நாலு குடும்பம் சாப்பிடும்" என்று அவர் முடிப்பார். இந்த ஆண்டு பனி கரையும் நேரத்தில் அவருடைய கோட்டு தோளைவிட்டு நழுவத் தொடங்கியது. ஹெட்டி அதையும் விடவில்லை. "கசாப்புக்காரன் காதுல சொருகுற பென்சில்ல உன்னவிடச் சதை இருக்கு!" வாரம் தவறாமல் பென்சில். வரிசை சிரித்தது. அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, அரைநாளோடு சந்தை மூடும் நேரத்தில், அவர் தனியாக அவளிடம் வந்தார். என்ன பேசினார் என்பதைப் பின்னால் அவளே என்னிடம் சொன்னாள்.

"ஹெட்டி, அந்தப் பென்சில மட்டும் விட்டுரு. வயித்துல கட்டியாம். வெட்டி எடுக்கவும் முடியாதாம். மேபலுக்குத் தெரியாது. பெரில் கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் மூச்சு விட்றாத."

மேபல் அவருடைய மனைவி, பெரில் ஒரே மகள். கல்யாணம் கோடைத் தொடக்கத்தில் வரும் பெந்தெகொஸ்தே விடுமுறையில். தாயும் மகளும் சந்தோஷமாகத் தையலும் கேக்குமாக அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷம் கெடக்கூடாது என்பதுதான் அந்த மனிதர் கேட்டது. ஹெட்டி சத்தியம் செய்தாள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள், ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை வரிசை நகர்ந்தது. சிரில் முன்னால் வந்து, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஹெட்டி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, மிஸ்டர் ஆஷ்வொர்த். உங்களுக்கு என்ன எடுத்துத் தரட்டும்?"

பின்னால் நின்ற ஐவி ஹாவர்த்தின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஹெட்டிக்கு அப்போதும் புரியவில்லை. நல்ல பெரிய புட்டிங்காகப் பார்த்துப் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, நூல் வேறு கட்டினாள். அவள் யாருக்கும் நூல் கட்டி நாங்கள் பார்த்ததில்லை. சிரில் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "அடிப்பாவி" என்று மட்டும், அடித்தொண்டையில், சொல்லிவிட்டு வெளியே போனார். கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போனார். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் ஆஷ்வொர்த் வீட்டு வாசலுக்கு முட்டைக் கஸ்டர்டுகள் வரத் தொடங்கின. நோயாளி வீட்டுக்கும் துக்கவீட்டுக்கும் நாங்கள் கொண்டுபோவது அதுதான். முதல் கிண்ணத்தோடு வந்த ஐவியைப் பார்த்து, கையில் ஊசியோடு கதவைத் திறந்த மேபல், "யாருடி செத்தது?" என்று கேட்டிருக்கிறாள். ஐவி தலையைச் சாய்த்துக்கொண்டு, "தைரியமா இரு, மேபல்" என்றிருக்கிறாள். உள்ளே கல்யாணத்துக்கான பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த சிரிலுக்கு, இனி மறைக்க வழியில்லாமல் போயிற்று.

அந்த வாரம் ஹெட்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை. கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோய், யார் கண்ணையும் பார்க்காமல் குடலை நறுக்கினாள். தபால்காரரிடம் "நன்றி" என்று சொல்லிவிட்டாள். அவர் நேரே என் கடைக்கு ஓடிவந்து, "எனக்கு என்னாச்சு? யாராவது எதாவது சொன்னாங்களா?" என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"சாவப்போறவன நடுச்சந்தைல நிக்க வச்சு, மெலிஞ்சான் மெலிஞ்சான்னு ஊரையே சிரிக்க வச்சேன்" என்றாள் என்னிடம், மேடைக்குப் பின்னால் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து. "சரி, இனிமேலாவது மனுசியா நடப்போம்னு வாயக் கட்டினேன். அதுலயே அவன் வீட்ட எரிச்சுட்டேன். நான் ஒண்ணும் சொல்லல, உறை. ஆனா நாந்தான் சொன்னேன். மேபல் மூஞ்சில எப்படி முழிப்பேன்? தூ, இதெல்லாம் ஒரு வாயா?"

இன்னொரு வாளியைக் கவிழ்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது உண்மைதானே.

அடுத்த சனிக்கிழமை சிரில் மேபலின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. எங்கள் ஊரில் வரிசை என்றால் வரிசைதான், நிறைமாதக் கர்ப்பிணியே முறை வரும்வரை நிற்பாள். அன்றைக்கு ஆளாளுக்கு, "போங்க மிஸ்டர் ஆஷ்வொர்த்", "பாத்து, படி இருக்கு" என்று கிசுகிசுத்து அவரை முன்னால் தள்ளினார்கள். அத்தனை அன்பில் அவர் இன்னும் குறுகிப்போனதுபோல் இருந்தது. மேடைக்கு முன்னால் வந்து நின்றார். மேபலின் கண் வீங்கியிருந்தது.

"வீட்ல யாரும் இவர்ட்ட சத்தமாப் பேசறதில்ல, ஹெட்டி" என்றாள். "ஒரு வாரமா எனக்கும் இவரத் திட்டக் குரல் வரல."

"என்ன, இன்னிக்கும் மிஸ்டர்தானா?" என்றார் சிரில்.

ஹெட்டி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். எத்தனை வருஷமாக ஓயாமல் ஓடிய வாய் அது! முகம் மாட்டு ஈரல் நிறத்துக்குப் போனது. வெட்கத்தில் அவள் அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். மேடையின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். ஈரக்கையோடு சிரிலின் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். ஐவியைத் தாண்டி, தபால்காரரைத் தாண்டி, "ஏய் கெழவி, விடுடி! நான் மொதல்ல வந்தவன்!" என்று கூடம் அதிர அவர் கத்தக் கத்த இழுத்துக்கொண்டுபோய், வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் நிறுத்தினாள்.