மைக்கில் சொன்னது

மலாக்கா பாச்சாங்கில் அந்த நான்கு மாடி அலுவலகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜானகி வெள்ளிக்கிழமை தோறும் விரதம் இருப்பாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஒரு வெள்ளிக்கிழமை தலைசுற்றலோடு மூன்றாம் மாடிப் படிக்கட்டுக்குப் போனால், படியெல்லாம் கழுவித் துடைத்து ஈரம் காயாமல் கிடக்கிறது. கீழே குஞ்சம்மா அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"யாருக்கா கழுவுனது?"

"மழை பேஞ்சுச்சு லா. அதுவே கழுவிருச்சு."

கட்டடத்துக்குள் இருக்கிற படிக்கட்டுக்கு மழை எந்த வழியாக வந்தது என்று ஜானகி கேட்கவில்லை. அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அங்கே மழை பெய்தது.

இப்படிப்பட்ட அக்காதான் ஒருவரை ஏழு வருஷம் மன்னிக்காமல் வைத்திருந்தாள்.

அந்த ஒருவர் பாலகிருஷ்ணன். கோயில் செயலாளர்; பள்ளி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். சரஸ்வதி பூசையன்று கோயில் மண்டபத்தில் இந்தியாவைப் பற்றிய பொது அறிவுப் போட்டி நடத்துவார். கேள்வி அவருடையது, மைக் அவருடையது, தீர்ப்பும் அவருடையது. குஞ்சம்மா சுங்கை ரம்பாய் பக்கத்தில், ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற தோட்டத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். ஆசைப்பட்டு ஒரு வருஷம் பெயர் கொடுத்தாள்.

"மாநில ஆளுநரை நியமிப்பவர் யார்?"

மலாக்காவில் பிறந்தவளுக்கு இது ஒரு கேள்வியா? இங்கே சுல்தான் இல்லை, ஆளுநர்தான். அவரை நியமிப்பது நாட்டின் மாமன்னர். கையை உயர்த்திச் சத்தமாகச் சொன்னாள்: "மாமன்னர்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தப்பு என்று சொல்லி விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். பாலகிருஷ்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அம்மா, இந்தியாவுல குடியரசுத் தலைவர் இருக்காரு. மாமன்னர் எந்த அரண்மனையில இருக்காரு? தோட்டத்துல பால் வாளி இருக்கும்ல, அதைத் தூக்கிக்கிட்டு எதுக்கும் தேடிப் பாருங்க!"

அன்று முதல் அவள் பெயர் 'மாமன்னரம்மா.' பாசாரில் மீன் வாங்கப் போனாலும் அதே பெயர். மகள் கல்யாணப் பந்தியில்கூட எவனோ கூப்பிட்டான்.

"மைக்குல சொன்னதை அந்தாளு மைக்குலயே திருப்பி எடுத்துக்கணும் ஜானகி. நாலு சுவத்துக்குள்ள சொன்னா எனக்கு வேணாம்."

அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். ஆனால் கேட்டு வாங்க மாட்டாள். அவரும் ஒரு நாள் அதே மேடையில் தப்பு செய்யட்டும், அதே சனம் சிரிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

சும்மாவும் காத்திருக்கவில்லை. இந்தியாவுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற தடித்த பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வரவழைத்தாள். துடைப்பம் வைக்கிற அறைக் கதவில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை ஒட்டினாள். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் 'நம்ம ஊர்', அந்தப் பக்கம் 'அந்த ஊர்'. ஒரு தடவை இரண்டு ஊரையும் கலந்துதானே மாட்டிக்கொண்டாள்? இனிமேல் கலக்காது. தேத்தண்ணி நேரத்தில் ஜானகி கேள்வி கேட்க வேண்டும்.

"கொடியில உள்ள சக்கரத்துக்கு எத்தனை ஆரம்?"

"இருபத்து நாலு. கஷ்டமா கேளு."

"மேலவைக்கு என்னா பேரு?"

"அங்க மாநிலங்களவை. இங்க டேவான் நெகாரா. அந்தாளு செத்துகித்துப் போயிருவாரோன்னுதான் எனக்குக் கவலை. நல்லா இருக்கணும். மேடை ஏற உடம்புல தெம்பு இருக்கணும்."

ஜானகிக்குப் பயமாக இருந்தது. மாரியம்மனுக்கு எலுமிச்சை விளக்குப் போட்டு, அக்காவின் கோபத்தை அணைத்துவிடு தாயே என்று வேண்டினாள். அதையும் அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ அணையட்டும்னு போடு. நான் எரியட்டும்னு போடுறேன். ஆத்தா யாரு பக்கம்னு பாப்போம் லா."

வருஷா வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். போன சரஸ்வதி பூசையில் ஆத்தா பக்கம் தெரிந்தது.

"இந்தியாவின் தேசிய மொழி எது?" என்றார் பாலகிருஷ்ணன்.

ஒரு பெண் "இந்தி" என்றாள். "சரியான விடை!" என்று மைக்கில் முழங்கினார்.

குஞ்சம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஐயா, அங்க தேசிய மொழின்னு சட்டத்துல ஒண்ணும் கிடையாது. ஆட்சி மொழிதான் உண்டு. தேசிய மொழி நம்ம ஊர்லதான், மலாய். நீங்க எந்த ஊரை நெனச்சுக்கிட்டுக் கேள்வி எழுதுனீங்க?"

கோயில் தலைவர் காந்தன் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். "அம்மா சொல்றது சரிதான்" என்றார்.

"தேசிய மொழியைத் தேடணும்னா சொல்லுங்க ஐயா. வீட்டுல பால் வாளி இன்னும் இருக்கு."

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரையே ஆடியது. பாலகிருஷ்ணன் மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

அது போதவில்லை அக்காவுக்கு. பாசாரில் அவரைக் கண்டால், "தேசிய மொழி ஐயா, வெண்டைக்கா வாங்கியாச்சா?" என்பாள், கடைக்காரர்கள் கேட்கிற மாதிரி. அந்தப் பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டது. அவர் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

"போதும்க்கா. மனுஷன் கோயிலுக்கே வரமாட்டேங்கிறாரு. பாவம்."

"எனக்கு ஏழு வருஷம். அவருக்கு ஏழு மாசம்கூட ஆகல."

எட்டாம் மாதம் அக்கா விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். வலது கை வராமல் போயிற்று. நாக்கு குழறியது, புத்தி மட்டும் குழறவில்லை. செய்தி கேட்டு பாலகிருஷ்ணன் ஜானகியைத் தேடி அலுவலக வாசலுக்கே வந்தார். கையில் அர்ச்சனைப் பொட்டலம். ஆள் பாதியாகியிருந்தார்; அழுதுகொண்டே சொன்னார்.

"நான் அன்னிக்குப் பேசுனது தப்பும்மா. தனியா வந்து அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன். வரலாமான்னு கேட்டுச் சொல்லு."

ஜானகி அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பொட்டலத்திலிருந்த விபூதியை அக்காவின் நெற்றியில் பூசினாள், யார் கொடுத்தது என்றும் சொன்னாள், அவர் அழுததையும் சொன்னாள். அக்கா விபூதியைத் துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மனம் இளகிவிட்டது, ஆத்தா அணைத்துவிட்டாள் என்றே ஜானகி நினைத்தாள். பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. மறுநாள் விடியற்காலையில் அக்கா போய்விடுவாள் என்று யாருக்குத் தெரியும்? பையை எடுத்துக்கொண்டு எழுந்தவளின் கையை, அக்கா இடது கையால் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"வரட்டும் லா. வரும்போது... மைக்கைக் கொண்டாரச் சொல்லு."