மிஸ் இங்க இல்ல

கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வகுப்பறை கூட்டிய அன்னப்பூரணிக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரே ஒரு சொல்: மிஸ். சேலை கட்டி, கைப்பை மாட்டி, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் மிஸ். கல்யாணம் முடித்து மூன்று பிள்ளை பெற்ற மிஸ்ஸும் மிஸ்தான்.

கடல் ஊருக்குள் வந்த மார்கழியில், அகதிமுகாம் ஒலிபெருக்கியில் ஒருவர், "மிஸ்ஸிங் ஆக்கள்ட சொந்தக்காரர் முன்னுக்கு வாங்க" என்றார். அவள் காதில் அது "மிஸ் இங்க" என்று விழுந்தது. யாரோ ஒரு மிஸ் வந்திருக்கிறா, புருசனைப் பற்றிக் கேட்கலாம் என்று ஓடினாள். வரிசையின் முடிவில் ஒரு மீசைக்காரர் இருந்தார்.

"மிஸ் எங்க ஐயா?"

"எந்த மிஸ்?"

"மிஸ் இங்க எண்டுதானே சொன்னீங்க."

வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மற்றப் பாதிப் பேரும் மிஸ்ஸைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.

மீசைக்காரர் அவள் புருசன் அருமைநாயகத்தின் பெயருக்கு நேரே மிஸ்ஸிங் என்ற அந்தச் சொல்லை எழுதினார். சில மாதத்தில் மரணச் சான்றிதழ் வந்தது. அவளும் வாங்கிக்கொண்டாள். தோணிக்குப் போன மனுசனைக் கடல் கொண்டுபோனது. கடலிடம் யார் போய் விசாரிப்பது?

2007 ஆனியில் மகன் சதீசனை, சோற்றுக் கோப்பைக்கு முன்னாலிருந்து எழுப்பி, ஆயுதத்தோடு வந்த நாலு பேர் இழுத்துப் போனார்கள். "விசாரிச்சித்து விடுவம்" என்றார்கள். அதில் ஒருவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் படித்த வகுப்பைக் கூட்டியவள் அவள்.

பிறகு யுத்தம் முடிந்தது. சமாதானச் சுவரொட்டியின் பசை காயுமுன், வீடு திரும்பாதவர்களைப் பதியும் படிவம் வந்தது. அரசாங்கக் கந்தோர் வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பும் கனகசிங்கம், "சதீசன், மிஸ்ஸிங்" என்று எழுதினார்.

"அந்தச் சொல்லுக்கு என்ன அண்ண கருத்து?"

மேசையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று கிடந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. "ஒண்டா ரெண்டா புள்ள? பஸ் போயித்தெண்டாலும் மிஸ். போன எடுக்காட்டி மிஸ்ட் கோல். ஒராள நினைச்சு ஏங்கினாலும் மிஸ்தான். அடியில பார்த்தா, எறிஞ்சது படாமத் தவறினதுக்கு வெள்ளக்காரன் வச்ச சொல்லு."

"எங்கட பள்ளிக்கூட மிஸ்?"

"அது வேற குடி. மிஸ்ட்ரஸ் எண்ட சொல்லில வால வெட்டினது. ரெண்டுக்கும் கொண்டான் குடுத்தான் இல்ல."

அன்னப்பூரணி யோசித்தாள். "அப்ப சதீசன் தவறினானா?"

"காணாமப் போயித்தான் எண்டு கருத்து."

"அவன் எங்க போனான்? சோறு திண்டவனக் கொண்டுதானே போனாங்க. இதில அந்த நாலு பேரும் எங்க அண்ண?"

இல்லை. அந்தச் சொல்லில் நாலு பேருக்கும் இடமில்லை. பஸ்ஸில் விட்ட குடைபோல சதீசன் தானே தொலைந்துவிட்டான். குறி தவறியதற்குப் பிறந்த சொல்லை, குறி தவறாமல் வந்து பிடித்தவர்களுக்கு ஒளிப்பிடமாக்கிக் கொடுத்த கெட்டித்தனம் நம் கந்தோர்களுடையது.

"வெட்டுங்க."

அவர் வெட்டி, "பிடித்துச் செல்லப்பட்டார்" என்று எழுதினார்.

"ஆரால?"

கனகசிங்கம் பேனாவை மூடினார். "பேர் எழுதினா இந்த மேசையும் மிஸ்ஸிங்காப் போயிடும் புள்ள."

அவள் பேனாவை வாங்கினாள். கரும்பலகைக்குக் கீழே விழுந்த சோக்குத் துண்டால் பழகிய கோணல் எழுத்தில், அந்த நாலு பேரில் தனக்குத் தெரிந்தவனின் பெயரை எழுதினாள். பக்கத்தில் "ஒன்பது பி" என்றும் எழுதினாள்.

கந்தோருக்குள்ளே படிவம் வாங்கும் யசோதினி மிஸ் படிவத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினா. "அம்மா, இப்பிடிப் பதிய ஏலா. மிஸ்ஸிங் எண்டு போடுங்க, மரணச் சான்றிதழ் கெதியா வரும்."

"புருசன் செத்ததுக்கு அப்பிடிப் போட்டீங்க, நான் ஒண்டும் சொல்லல்ல. கடலுக்குப் பேரில்ல மிஸ். மகனக் கொண்டு போனவனுக்கு இரிக்கி."

மிஸ் படிவத்தைத் தள்ளி வைத்தா. பிறகு தேத்தண்ணிக்கு எழும்பினா. அன்னப்பூரணி படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தாள். அன்று திங்கட்கிழமை. அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகளிலும் அதே வாங்கு, அதே படிவம், வெட்டாத அதே பெயர். அவளைக் கண்டதும் மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஞாபகம் வந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் வெறும் கதிரையைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்பார்கள்: "மிஸ் எங்க?"

"மிஸ் இங்க இல்ல" என்பாள் அன்னப்பூரணி. "இரிங்க. நானும் போக மாட்டன்."